கரையான் அரிக்காத ஏடு

எங்கள் சபையின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகள், நான் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற வருடம் என் பொறுப்புக்கு வந்தன. மிஷன் பள்ளியில் ஆயுசு முழுக்கத் தமிழ் சொல்லிக்கொடுத்தவள், அந்தக் காலத்துக் கையெழுத்தை வாசிக்க இவளை விட்டால் ஆளில்லை என்று, சபையை நிர்வகிக்கிற சேகரக் கமிட்டியில் பேசி முடிவெடுத்தார்கள். கொடைக்கானல் ஈரத்தில் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அட்டுவம்பட்டியில் இருக்கும் என் வீட்டுக்குக் கொண்டுவந்து, வெயில் அடிக்கிற நாட்களில் ஜன்னலோரம் விரித்து வைத்து, பக்கம் பக்கமாகப் புது நோட்டில் பெயர்த்து எழுதினேன்.

மூன்றாவது பதிவேட்டில், நாடு சுதந்திரம் அடைவதற்கு முந்தைய பக்கங்களில், ஒரு குடும்பம் இருந்தது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். சாதி என்ற கட்டத்தில் பளியர், இந்த மலையின் பழங்குடிகள். தொழில் என்ற கட்டத்தில் தேன் எடுத்தல். குடியிருப்பு என்ற கட்டத்தில் பள்ளங்கி ஊருக்கும் கீழே, மலைச்சரிவில் இருக்கும் ஒரு குடியின் பெயரும் அதை ஒட்டி ஓடும் ஓடையின் பெயரும். அடுத்த பக்கங்களில் அதே இடத்திலிருந்து இன்னும் சில குடும்பங்கள். எனக்கு ஒரே சந்தோஷம். இத்தனை காலத்துக்கு முன்பே நம் சபை காட்டுக்குள் போயிருக்கிறது என்று பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். கை தட்டினார்கள். அந்தக் கூட்டத்தில் எஸ்டேட்காரரின் மனைவியும் இருந்தார்.

எஸ்டேட்காரர் எங்கள் கமிட்டியில் மூத்த உறுப்பினர். சரிவில் அவருக்குக் காப்பியும் மிளகும் இருந்தன. டவுனில் ஒரு லாட்ஜ் இருந்தது. ஒரு மழைக்காலத்தில் காற்று கோயில் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனபோது, யாரையும் கேட்காமல் ஆளனுப்பிப் புதுக் கூரை போட்டவர். என் மகன் அவருடைய லாட்ஜில்தான் மேனேஜர். லாட்ஜுக்குப் பின்னால் அவர் கொடுத்த வீட்டில் மனைவி பிள்ளைகளோடு இருந்தான். அவரைக் கெட்டவர் என்று அன்றைக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இன்றைக்கும் அவரைப் பற்றி எழுத நான் உட்காரவில்லை. என்னைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

கூட்டம் முடிந்த அடுத்த வாரம் அவர் என் வீட்டுக்கு வந்தார். கீழே அந்தக் குடியில் இருப்பவர்கள் வன உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டிருக்கிறார்கள் என்றார். காட்டு நிலத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறவர்களுக்கு அந்த நிலத்தில் உரிமை கொடுக்கிற சட்டம் அது. அவர்கள் கேட்கிற இடத்தின் ஊடாகத்தான், அவர் கட்டப்போகும் காட்டேஜுகளுக்குப் பாதை போயாக வேண்டும். அவர்கள் அந்த இடத்துப் பூர்வீகமே இல்லை, தன் அப்பா காலத்தில் மிளகு பறிக்க வேறு மலையிலிருந்து கூட்டிவந்து குடிவைத்த ஆட்கள் என்று அவர் எதிர்மனுக் கொடுத்திருந்தார். இதையெல்லாம் சாதாரணமாகத்தான் சொன்னார். தேநீரைக் குடித்து முடித்த பிறகு சொன்னார்:

“யாரையும் பொய் சொல்லச் சொல்லல டீச்சர். அந்தப் பழைய ஏடு, தொட்டா உதிருதுன்னு நீங்களே சொன்னீங்க. யாரு கையிலயும் குடுக்க வேணாம். அம்புட்டுத்தான்.”

சரிங்க என்றேன். யோசிக்கக்கூட இல்லை. என் மகனைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் அவனை நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அவள் வந்தாள். அந்தக் குடியின் பெண், நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவன் தேனெடுக்கப் போன இடத்தில் பாறையிலிருந்து விழுந்து இறந்துபோனவன். கல்பாசியும் கடுக்காயும் பொறுக்கி விற்பாள்; காப்பிப் பழம் பறிக்கிற காலத்தில் எஸ்டேட் வேலைக்கும் போவாள். தகரம் போட்ட அவர்களுடைய ஜெபவீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தை அவள்தான் நடத்துவாள். மாதத்தில் ஒருமுறை திருவிருந்து ஆராதனைக்கு ஜனங்களோடு மேலே எங்கள் கோயிலுக்கு வருவாள். குடியின் வன உரிமைக் குழுவுக்கு அவளைத்தான் தலைவியாக வைத்திருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாது.

வெள்ளனே கிளம்பி, ஜீப் வரும் இடம்வரை ஏறி, அங்கிருந்து ஜீப்பில் வந்திருந்தாள். புடவை ஓரமெல்லாம் பனியில் நனைந்திருந்தது. தன் தாத்தாவுக்கு எங்கள் கோயில் பாதிரி ஐயர்தான் ஓடைத் தண்ணீரில் ஞானஸ்நானம் கொடுத்தார் என்று மாமனார் சொல்வதாகவும், அது எதிலாவது எழுதியிருந்தால் அதை ஒரு நகல் எடுத்துக் கொடுக்க முடியுமா என்றும் கேட்டாள். தாத்தாவின் பெயரைச் சொன்னாள். நான் பெயர்த்தெழுதிய அதே பெயர்.

உட்காரச் சொன்னேன். உள்ளே போனேன். பதிவேடு மேசைமேல் இருந்தது. அந்தப் பக்கத்தைத் திறக்கக்கூட இல்லை. சும்மா கொஞ்ச நேரம் நின்றேன். தேடுகிற நேரம் ஆக வேண்டுமே என்று நின்றேன். பிறகு வெளியே வந்து, அந்தக் காலத்துப் பக்கங்களைக் கரையான் அரித்துவிட்டது, கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை என்றேன்.

அவள் முகம் வாடியது. ஆனால் வருத்தத்தை என்மேல் காட்டவில்லை. “பரவால்லைங்க டீச்சர். ஒங்களுக்கும் கண்ணு வலிச்சிருக்கும்” என்றாள். எழுந்து வந்து, என்னைக் கேட்காமலே என் தலையில் கைவைத்து, என் கண்களுக்காக ஜெபம் செய்தாள். அவள் கையில் கல்பாசி வாசம். ஆமென் சொல்லி முடித்தபோது நானும் ஆமென் சொன்னேன்.

அவள் போனபிறகு வாசல்படியில் ஒரு பொட்டலம் இருந்தது. கல்பாசி. கொடுத்துவிட்டுக் கேட்டால் லஞ்சம் மாதிரி ஆகும் என்று கேட்டு முடித்த பிறகு வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

விசாரணைக்கு அதிகாரிகள் அந்தக் குடிக்கே வந்தார்கள். எங்கள் போதகர் புதிதாக மாற்றலாகி வந்தவர், இளைஞர். நம் ஜனங்கள், நாம் பக்கத்தில் நிற்க வேண்டாமா என்று சொல்லி என்னையும் கூப்பிட்டார். வர முடியாது என்று சொல்ல ஒரு காரணம்கூட அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. ஜீப்பில் இறங்கி, ஒற்றையடிப் பாதையில் முழங்கால் நோக நடந்தோம்.

அவளுடைய மாமனார் முன்னால் நடந்தார். எண்பது வயது இருக்கலாம். அவருக்கே கணக்குத் தெரியாது. ஓடைக்கரையில் கல் நட்ட புதைகுழிகளைக் காட்டினார். சில கற்களில் சிலுவை கீறியிருந்தது. அவற்றைவிடப் பழைய கற்களில் ஒன்றுமில்லை. இது அப்பன், இது ஆத்தா, இது பாம்பு கடித்துப் போன தங்கச்சி என்று ஒவ்வொரு கல்லையும் தொட்டுச் சொன்னார். தலைமுறையாகக் காய் வெட்டிவரும் பலா மரத்தைக் காட்டினார். அதிகாரிகளில் ஒருவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். இன்னொருவர், கல்லுக்கு வயது சொல்ல முடியாது, எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். எஸ்டேட்காரரின் ஆட்கள் இரண்டு பேர் சற்றுத் தள்ளி நின்றிருந்தார்கள்.

அவள் என்னைக் காட்டினாள். “டீச்சர் தேடிப் பாத்தாங்க. கோயில் ஏட்டைக் கரையான் அரிச்சிருச்சாம்” என்றாள்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அதிகாரி என்னிடம் மரியாதையாக, அப்படியா மேடம் என்று கேட்டார். போதகரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்; ஐக்கியக் கூட்டத்தில் கை தட்டியவர்கள் யாரும் அங்கே இல்லை. அங்கே உண்மையைச் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. நான் அவசரப்பட்டு வாய்தவறிச் சொன்னேன் என்று சொல்லவே முடியாது. யாரும் மிரட்டவில்லை. குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுத்திருந்தார்கள். டம்ளர் கையில் இருந்தது.

“ஆமாங்க” என்றேன்.

அதிகாரி எழுதிக்கொண்டார்.

சில வாரங்களில் மனு திரும்பி வந்தது. போதுமான ஆதாரம் இல்லை, மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று. போதகர் என்னிடம் வருத்தத்தோடு சொன்னார். நானும் வருத்தப்பட்டேன் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் பட்டேன். பொய் சொன்னவள் ஒருத்தி, வருத்தப்படுகிறவள் வேறொருத்தி என்பதுபோல் ஒரே வீட்டில் இருவராக இருந்தேன். சமைத்தேன், பேரப்பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் பின்னினேன், மற்றப் பதிவேடுகளைப் பெயர்த்தெழுதினேன். மூன்றாவதை மட்டும் பெயர்த்தெழுதிய நோட்டோடு துணியில் சுற்றி அலமாரியில் வைத்தேன்.

குடியரசு தினத்தை ஒட்டிய ஞாயிறு எங்கள் கோயிலில் தேசத்துக்கான விசேஷ ஜெபம் உண்டு. பல வருடங்களாக அதை எழுதுவதும் வாசிப்பதும் நான்தான். எழுதுவதில் எனக்கு ஆசை. எதுகை மோனை பார்த்து, ஏழைகள், விதவைகள், கூலி மறுக்கப்பட்டவர்கள், காட்டில் வாழ்கிறவர்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வரி வைப்பேன். இந்த நாட்டில் நீதி தண்ணீரைப்போல் எல்லா வாசலுக்கும் வர வேண்டும் என்று வாசிக்கிறபோது சிலர் கண் துடைப்பார்கள். அந்த வருடமும் எழுதினேன். போன வருடத்துத் தாளைப் பார்த்து, இரண்டு வரியை மாற்றி எழுதினேன்.

அன்றைக்கு அவள் தன் ஜனங்களோடு வந்திருந்தாள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் அவளுடைய மாமனார் மட்டும் இல்லை. ஏறிவர முடிந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

வாசிக்கத் தொடங்கினேன். ஒவ்வொரு வரிக்கும் சபையார் ஆமென் சொல்ல வேண்டும். டவுன்காரர்கள் வாய்க்குள் சொல்வார்கள். அவள் மட்டும் உரக்கச் சொன்னாள். விதவைகளுக்கு, ஆமென். கூலிக்காரர்களுக்கு, ஆமென். என் வார்த்தைகளை அவள் அப்படியே நம்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் எழுதியது ஆண்டவரிடம் போய்ச் சேரும் என்று நினைத்தாள். காட்டில் வாழ்வோர் என்ற வரிக்கு வந்தேன். வாசித்துவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை.

தொண்டை கட்டிவிட்டது என்று நினைத்து யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். நான் தாளை மடித்துக்கொண்டு இறங்கி என் இடத்தில் உட்கார்ந்தேன். மீதியைப் போதகர் தன் வார்த்தையில் ஜெபித்து முடித்தார்.

ஆராதனை முடிந்ததும் வீட்டுக்குப் போய்த் துணிச் சுற்றோடு பதிவேட்டை எடுத்துவந்து, போதகரின் மேசைமேல் வைத்து, பக்கத்தைத் திறந்து காட்டினேன். அவர் வாசித்தார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். நாளைக்குத் தாலுகா ஆபீசுக்குத் தானே எடுத்துப்போவதாகச் சொன்னார். பிறகு, “அவங்ககிட்ட நான் சொல்ல மாட்டேன்மா. அது உங்க வேலை” என்றார்.

அன்று மத்தியானமே ஜீப் பிடித்துப் போனேன். போதகரிடம் கேட்டு வாங்கிய பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு, குலுங்குகிற ஜீப்பில் என்னென்னவோ வாக்கியங்களை அமைத்துப் பார்த்தேன். மகன் வேலை என்று ஒரு வாக்கியம், எஸ்டேட்காரர் வந்து கேட்டார் என்று ஒரு வாக்கியம். தமிழ் டீச்சருக்கு வாக்கியமா இல்லை.

அவள் வீட்டு முன்னால் கடுக்காய் காயவைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும், தொண்டைக்கு எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்டாள். நான் நின்றபடியே சொன்னேன். கரையான் எதுவும் அரிக்கவில்லை, அன்றைக்கே தெரியும், அதிகாரி கேட்டபோதும் தெரியும். வேறு எந்த வாக்கியத்தையும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது ஒன்றுதான் அதில் நான் செய்த நல்லது.

அவள் கடுக்காயைக் கிளறிவிட்டாள். பிறகு சொன்னாள்.

“எங்க மாமா அன்னைக்கே கேட்டாரு. கீழதான் புத்து கெடக்கு, அம்புட்டு ஒசரத்துல, அந்தக் குளிருல கரையான் ஏது ஆத்தான்னு. டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நாந்தான் அவரு வாய அடச்சேன்.”

அவர் எங்கே என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்து இறந்துபோயிருந்தார். மனு திரும்பி வந்ததும் எஸ்டேட்காரரின் ஆட்கள் ஓடைக்குப் போகும் பாதையில் கம்பிக் கதவு போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். கல்லறைகளுக்கு அதுதான் வழி. திறக்கச் சொல்லிக் கேட்டும் சாவி வரவில்லை. கிழவரைத் தொட்டில் கட்டி, ஓடைக்குள் இறங்கி, மழைத் தண்ணீரில் பாறைக்குப் பாறை கைமாற்றித் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஒரு இடத்தில் வழுக்கி உடம்பு தண்ணீரில் விழுந்துவிட்டதாம். இதை அவள் அழாமல் சொன்னாள். மேலே எங்கள் கோயிலுக்குச் சொல்லிவிட ஆளில்லை, மழை, அதற்குப் பிறகு இன்றைக்குத்தான் மேலே ஏறிவந்தோம் என்றாள்.

மன்னித்துவிடு என்று கேட்க வந்தவள் நான். அதற்குப் பிறகு அந்த வார்த்தையை எடுக்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, தாத்தா பெயர் எது என்று கேட்டாள். விரல்வைத்துக் காட்டினேன். அதன்மேல் தன் விரலை வைத்து, எழுத்து போகிற பக்கமாகவே மெதுவாகக் கொண்டுபோனாள். மற்றப் பெண்களையும் கூப்பிட்டுக் காட்டினாள். ஒவ்வொருவருக்கும் அவரவர் முன்னோரின் பெயரை நான் வாசித்துச் சொல்ல வேண்டியிருந்தது. ஒருத்தி சிரித்தாள், ஒருத்தி மாரில் அடித்துக்கொண்டாள். என்மேல் யாரும் கோபப்படவில்லை. என்னைக் கவனிக்கவே இல்லை.

கடைசியில் அவள் என் பக்கம் திரும்பி, “ஆபீசுல வந்து, நீங்க சொன்னது பொய்னு நீங்களே எழுதிக் குடுப்பீங்களா?” என்று கேட்டாள். கொடுப்பேன் என்றேன். “அப்ப வெரசா கெளம்புங்க. இருட்டுனா ஆனை வரும்.”

எழுதிக் கொடுத்தேன். விசாரணையின்போது நான் சொன்னது உண்மையல்ல, பதிவேடு வாசிக்கிற நிலையில் என்னிடமே இருந்தது என்று என் கையெழுத்தில். அதிகாரி அதை இருமுறை வாசித்துவிட்டு, ஏன் மேடம் என்று மட்டும் கேட்டார். பயம் என்றேன். யாரைப் பார்த்துப் பயம் என்றார்.

நான் பயந்த எதுவும் நடக்கவில்லை. எஸ்டேட்காரர் கோயிலில் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான். என் மகன் இன்றும் அவருடைய லாட்ஜில்தான் இருக்கிறான். விஷயம் தெரிந்த அன்று அவன் என்னிடம், “என்னையச் சாக்கு வச்சா பொய் சொன்ன?” என்று கேட்டான். பதிவேடுகளை என்னிடமிருந்து வாங்கி வேறொருவரிடம் கொடுத்தார்கள். அது சரிதான். தேசத்துக்கான ஜெபத்தையும் வேறொருவர் வாசிக்கிறார்.

மனுவை மறுபடி எடுத்துக்கொள்ளவும், மேலே போய் ஒப்புதலாகி வரவும் ஒன்றரை வருடம் ஆனது. கேட்டதில் முழுவதும் கிடைக்கவில்லை. பலா மரம் இருக்கிற பக்கம் எல்லைக்கு வெளியே போய்விட்டது. கல்லறைகளும் ஓடைப் பாதையும் கிடைத்தன. கம்பிக் கதவை எடுத்த அன்று அவர்கள் அந்தப் பாதையில் பாட்டுப் பாடிக்கொண்டு போனார்களாம். அன்றைக்கு என்னைக் கூப்பிடவில்லை, போதகர்தான் சொன்னார். இந்த நாட்டில் நீதி வரும் என்று நான் வருடா வருடம் அழகாக எழுதினேன். அவர்கள் எழுதத் தெரியாமல், மனு மனுவாகக் கொடுத்து, செத்தவரை ஓடையில் சுமந்து, பிறகும் ஞாயிற்றுக்கிழமை ஜெபவீட்டில் கூடி, வரும் என்றே நம்பிக்கொண்டிருந்தார்கள். வந்தபோது வழியில் நான் நின்றிருந்தேன்.

போன கோடையில் அவள் மறுபடி என் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வந்து உட்காரவில்லை. வந்த சோலியை நின்றபடியே சொன்னாள். ஓடைக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடி இருக்கிறது. அவர்கள் வேதக்காரர்கள் இல்லை, தங்கள் சாமியைத்தான் கும்பிடுகிறவர்கள். அவர்களுக்கு ஞானஸ்நானமும் இல்லை, ஏடும் இல்லை. பெரியவர்கள் வாய்வழியாகச் சொல்வதை எழுதிக் கையெழுத்து வாங்கினால் சட்டத்தில் அதுவும் ஒரு ஆதாரம்தான் என்று வன உரிமைக் கூட்டத்தில் சொன்னார்களாம். எழுத ஆள் வேண்டும்.

“நீங்க வந்து எழுதணும் டீச்சர்” என்றாள். கெஞ்சவும் இல்லை, கட்டளையும் இல்லை.

வியாழக்கிழமைதோறும் போகிறேன். முழங்காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு இறங்குகிறேன். எனக்கென்று ஒரு பலகை போட்டுத் தருவார்கள். பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்து, தாங்கள் பிறந்த பாறைக் குகை, மழைக்கு ஒதுங்கிய இடம், கிழங்கு தோண்டிய மேடு என்று சொல்லச் சொல்ல, அவர்கள் பேச்சு மாறாமல் எழுதுகிறேன்.

ஒரு வரி எழுதி முடித்ததும் நிறுத்தச் சொல்வார்கள். எழுதியதை வாசித்துக் காட்ட வேண்டும். முதல் நாள் ஒரு பெரியவர்தான் அப்படிக் கேட்டார்; ஓடைக்கு அக்கரையில் நடந்தது அவருக்குத் தெரிந்திருந்தது. இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். நான் வாசிக்கிறேன். அவர்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தாங்கள் சொன்னதுதான் என்று தெரிந்த பிறகு தலையை அசைக்கிறார்கள். அடுத்த வரிக்குப் போகிறேன். போன வாரம் ஒரு பெண் தன் வாக்குமூலத்தை மூன்று தடவை வாசிக்கச் சொன்னாள். மூன்று தடவையும் வாசித்தேன். பிறகுதான் மையில் கட்டைவிரலை வைத்தாள்.